இரண்டாம் சேர்விஸ்

பரந்தன் சந்தியில் நான் படிப்பித்த கணினி நிலையத்தின் முன்சுவரில் இரண்டு பலகைகள் தொங்கின. மேலே இருந்தது புதியது: நவீன கணினிக் கல்வி நிலையம். கீழே இருந்தது பழையது: மோட்டார் சைக்கிள் சேர்விஸ் திறமான முறையில் செய்து கொடுக்கப்படும். பழையதைக் கழற்றச் சொல்லி முதலாளியிடம் பல தடவை கேட்டேன். ஆணி துருப்பிடித்துவிட்டது, கழற்றினால் சுவரும் கூட வந்துவிடும் என்றார். சமாதான காலத்தில் ஊரில் எல்லாரும் புதுப் பலகை மாட்டினார்கள். பழையதைக் கழற்றியவர்களை நான் அதிகம் காணவில்லை.

முதலாளி இருபது வருடம் மோட்டார் சைக்கிள் திருத்தியவர். போரால் பூட்டியிருந்த பாதை திறந்ததும் இனிக் கணினிதான் எதிர்காலம் என்று யாரோ சொல்ல, கராஜின் முன்பாதியை எதிர்காலத்துக்குக் கொடுத்தார். பின்பாதியில் கராஜ் தொடர்ந்து நடந்தது. லண்டனில் ஏதோ ஓர் அலுவலகம் தூக்கியெறிந்த பத்துக் கணினிகளை அவருடைய உறவினர்கள் அன்பளிப்பு என்று பெயர் மாற்றி அனுப்பி வைத்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வருட டிப்ளோமா முடித்திருந்தேன். பரந்தனில் அது கலாநிதிப் பட்டத்துக்குச் சமம். அப்படித்தான் இருபத்து நான்கு வயதில் எரிந்த எண்ணெய் மணக்கும் வகுப்பறையில் நான் ‘ரீச்சர்’ ஆனேன்.

மின்சாரம் என்று ஒன்று அங்கே இல்லை. கராஜுக்குப் பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்று காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஓடும். அந்த மூன்று மணித்தியாலந்தான் எங்கள் இருபத்தோராம் நூற்றாண்டு. அதிலும் பக்கத்துக் கூல் பாருக்கு ஒரு வயர் போனது. அவர்கள் ஜூஸ் அடிக்கிற மெசினைப் போட்டால் எங்கள் திரைகள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். மாம்பழ ஜூஸ் என்றால் அதிகம் சிமிட்டும்.

என்னிடம் படித்த பத்துப் பேரில் ஒருவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நான் அவவை அக்கா என்பேன். அவ என்னை ரீச்சர் என்பா. ஆறு வருடமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்ற சொல்லுக்கு வன்னியில் முடிவு திகதி கிடையாது. வீடும் அப்படித்தான், வேலையும் அப்படித்தான். அந்த வருடம் திடீரென்று கூட்டுறவுச் சங்கத்துக்கு ஞானம் பிறந்தது: கணினிச் சான்றிதழ் உள்ளவர்களை நிரந்தரமாக்குவோம், இல்லாதவர்கள் ஆவணி முடிய வீட்டுக்குப் போகலாம். சங்கத்தில் கணினி இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை.

“இது கிடைக்காட்டி நானும் பிள்ளையளும் மாமியின்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் ரீச்சர்,” என்று முதல் நாளே சொன்னா. 

வைகாசி தொடக்கத்தில் பரீட்சை நடத்தும் கொழும்பு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மாத முடிவு ஞாயிற்றுக்கிழமை பரீட்சகர் வருவார். ஒரேயொரு நாள், அடுத்த முறை மார்கழியில். பரீட்சைக்கான நிரலை அவரே கொண்டுவருவார். கணினிகளை இயக்கும் மென்பொருள் எக்ஸ்பியாக இருந்தால் மட்டும் போதாது, அதில் ‘சேர்விஸ் பேக் 2’ போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரல் ஓடாது.

எங்களிடம் இருந்தது எக்ஸ்பியின் முதற்பதிப்புச் சீடி. வெளிவந்தபோது அது நல்ல பிள்ளைதான். பிறகு அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றை அடைக்கிற திருத்தங்களை ஒன்றாகக் கட்டி ‘சேர்விஸ் பேக்’ என்று வெளியிட்டார்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. எங்களிடம் இரண்டும் இல்லை, ஓட்டைகள் எல்லாம் இருந்தன. பாட்டுச் சீடிகளோடு வந்த வைரஸ்கள் பத்துக் கணினியிலும் குடும்பம் குட்டியாகக் குடியிருந்தன. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். அந்தக் கிழட்டுக் கணினிகளில் எக்ஸ்பி போட ஒன்றரை மணித்தியாலம். அதன்மேல் சேர்விஸ் பேக் போட இன்னும் அவ்வளவு. ஒழுங்காக வாசிக்கிற சீடி டிரைவ் இரண்டுதான். அவற்றைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். சேர்விஸ் பேக் பாதி போய்க்கொண்டிருக்கும்போது ஜெனரேற்றர் நின்றால் கணினி பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடும், பிறகு எழும்பாது. இடையில் வகுப்பும் நடக்க வேண்டும். இதற்கு ஒரே வழி, சேர்விஸ் பேக்கைத் தனியாகப் போடாமல் எக்ஸ்பி சீடிக்குள்ளேயே கலந்து புதுச் சீடி ஒன்று எழுதுவது. மா குழைத்த பிறகு உப்புத் தூவுவதற்கும் குழைக்கும்போதே போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரே இருப்பில் எல்லாம் முடியும்.

இதை முதலாளிக்கு விளங்கப்படுத்தப் போனேன். அவர் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

“சேர்விஸ் எண்டால் எனக்குச் சொல்லாதையும் பிள்ளை,” என்றார். “ரெண்டாம் சேர்விஸ் கேட்டிருக்கிறாங்கள், சரி. முதலாம் சேர்விஸ் செய்தாச்சோ?”

“இல்லை.”

“அப்ப என்னண்டு ரெண்டாம் சேர்விஸ் செய்யிறது? புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்நூறு கிலோமீற்றரில ஒண்டு, ரெண்டாயிரத்தில ஒண்டு. முதலாவது செய்யாமல் ரெண்டாவதுக்குப் போனா எஞ்சின் இறுகிப் பிடிச்சிடும்.”

எஞ்சின் இல்லாத ஒன்றுக்கு எஞ்சின் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் சிரித்திருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. காரணம் வெட்கமானது: அவர் சொல்வது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. டிப்ளோமாவில் அந்தப் பாடம் வரவில்லை. ஆகவே நிபுணர்கள் செய்வதைச் செய்தேன். “அதுவும் ஒரு பொயின்ற்தான்,” என்றேன்.

அந்தப் பொயின்ற் ஐந்து நாளைத் தின்றது. இரண்டாம் சேர்விஸ் வவுனியாவில் முதலாளியின் மச்சானின் கடைக்கு வந்து காத்திருந்தது. முதலாம் சேர்விஸ் கொழும்பில் யாரிடமும் இல்லை; பழையதை யார் வைத்திருக்கப் போகிறார்கள். அது தேடிக் கிடைத்து வரும்வரை முதலாளி வவுனியாவுக்குப் போக மறுத்தார். அக்கா ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போது “வந்திட்டுதோ?” என்று கேட்பா. “வருகுது,” என்பேன். பொய் சொல்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் இரண்டு சீடியையும் முதலாளியே போய்க் கொண்டுவந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என்ன சீடி என்று கேட்டிருக்கிறான். “சேர்விஸ்” என்றாராம். என்ன சேர்விஸ் என்று கேட்டிருக்கிறான். “முதலாம் சேர்விஸ், ரெண்டாம் சேர்விஸ்” என்றாராம். ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்து விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இயக்கத்தின் சோதனையிலும் அதே கேள்வி, அதே பதில், அதே ஒரு மணித்தியாலம். இரண்டு தரப்பும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனதை அந்த வருடத்தில் நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சீடியைப் போட்டதும் உள்ளே இருந்த குறிப்பை வாசித்தேன். இரண்டாம் சேர்விஸுக்குள் முதலாம் சேர்விஸ் முழுவதும் அடக்கம், முன்னையது தனியாகத் தேவையில்லை என்று முதற் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஐந்து நாள். எனக்கு வந்த கோபத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவருக்கு அதைச் சொன்னேன்.

முதலாளி கொஞ்சமும் அசையவில்லை. “அப்ப ரெண்டையும் ஒண்டாச் செய்யிறான். நல்ல கராஜ்காரன்,” என்றார்.

எழுதுவதற்கு வெற்றுச் சீடி மூன்று வாங்கி வந்திருந்தார். ஏன் மூன்று என்றால், ஒன்று போதும் என்று நான் சொல்லியிருந்தேன், அவர் என்னை நம்பவில்லை. வாழ்க்கையில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அது.

சீடி எழுதும் கருவி உள்ள ஒரே கணினியில் வேலையைத் தொடங்கினேன். பழைய சீடியை அப்படியே ஒரு கோப்புறைக்குள் பிரதி எடுத்து, சேர்விஸ் பேக்கை விரித்து, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை. அந்த வரியை யாழ்ப்பாணத்து நண்பி ஒருத்தி தாளில் எழுதித் தந்திருந்தாள். இடைவெளி எங்கே விட வேண்டும், சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். பத்து நிமிடம் நீலப் பட்டை ஊர்ந்தது. ஒருங்கிணைப்பு வெற்றிகரமாக முடிந்தது என்று கணினி சொன்னபோது, ஏதோ நானே அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்தவள் போல எழும்பி நின்றேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள். முதற் சீடியை எழுதினேன்.

அடுத்த கணினியில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சீடிக்குள் எல்லாக் கோப்பும் இருந்தன. ஆனால் அதிலிருந்து கணினியைக் கிளப்ப ஏலாது. கிளப்புகிற சின்னத் துண்டு ஒன்றைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும் என்று தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தது. தாளுக்கு மறுபக்கம் உண்டு என்பதை நான் கவனிக்கவில்லை.

“எல்லாம் பூட்டியிருக்கு, கிக்கரைப் பூட்டேல்லை,” என்றார் முதலாளி. அன்றைக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இரண்டாவது சீடி எண்பது வீதம் எழுதப்பட்டபோது கூல் பாரில் யாரோ மாம்பழ ஜூஸ் கேட்டார்கள். திரை சிமிட்டியது. சீடி பாழ்.

மூன்றாவது சீடியை உறையிலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. வேறு சீடி வாங்க வவுனியாவுக்குத்தான் போக வேண்டும், பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருந்தது. அக்கா எனக்குப் பின்னால் நின்றா. கதிரையின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே மெசினுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு சோடா எடுத்து அதை அரை மணித்தியாலம் குடித்தார். ஜூஸ் கேட்டு வந்தவர்களிடம், இன்றைக்குப் பழம் சரியில்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். சீடி எழுதி முடிந்தது, கணினி அதிலிருந்து கிளம்பியது. அக்கா ஓடிப்போய் முதலாளியைக் கூட்டிவந்தா. ஐந்து நாள் தின்ற மனிதனை எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

பரீட்சை நாள் வந்தது. பத்துக் கணினியும் இரண்டாம் சேர்விஸோடு பளபளத்தன. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகருக்காக அன்றைக்கு ஜெனரேற்றரை எட்டு மணிக்கே கிளப்பினோம்; அவர் தன் நிரலைப் போட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். விதிப்படி என்னை வெளியே அனுப்பினார். வினாக்கள் பரீட்சகரின் கணினியிலிருந்து வயர் வழியாக மற்றவற்றுக்கு வரும். ஒன்பது மணிக்குப் பத்துப் பேரும் நிரலைத் திறந்தார்கள். ஒரு வினாவும் வரவில்லை.

கால் மணித்தியாலம் கழித்துப் பரீட்சகர் விதியைத் தளர்த்தி என்னைக் கூப்பிட்டார். நடந்தது இதுதான். இரண்டாம் சேர்விஸோடு கணினிக்குள் ஒரு காவற்காரனும் வந்திருக்கிறான். புதிதாக ஒரு நிரல் வயர் வழியே வெளியாரோடு பேச வெளிக்கிட்டால் அவன் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்பான்: தொடர்ந்து தடுக்கவா, விடவா? பழைய எக்ஸ்பி வாழ்நாளில் எங்களிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தப் பெட்டியை நானே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பத்துப் பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே பதிலை அழுத்தியிருந்தார்கள். தடு.

“ஏன் அக்கா தடுக்கச் சொல்லி அமத்தினீங்கள்?” என்று மெல்லக் கேட்டேன்.

“ஆரெண்டு தெரியாத ஆள் ஒண்டு வந்து, விடட்டோ எண்டு கேக்குது. விடு எண்டு சொல்லுறதே ரீச்சர்?” என்றா.

பரீட்சகருக்கு இது விளங்கவில்லை. அவருடைய ஊரில் இந்தப் பெட்டி வந்தால் எல்லாரும் யோசிக்காமல் ‘விடு’ என்றுதான் அழுத்துவார்களாம். அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரம் இருக்கவில்லை. பத்துக் கணினியிலும் ஒவ்வொன்றாகக் காவற்காரனைச் சமாதானப்படுத்தி முடிய ஒன்பது ஐம்பது. இரண்டு மணித்தியாலப் பரீட்சை. பன்னிரண்டுக்கு ஜெனரேற்றர் நிற்கும். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது, அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். பதினொன்றரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பஸ் நிறையச் சனம் சந்தியில் வந்து இறங்கியது. முதலாளி கூல் பாரில் சோடாவோடு காவல் இருந்தார்தான். ஆனால் இந்த முறை கடைக்காரர் மசியவில்லை.

“அம்மாளிட்டைப் போற சனம் வெய்யிலுக்கை நிக்குது. பழம் சரியில்லை எண்டு நான் பொய் சொல்லேலாது அண்ணை,” என்று மெசினைப் போட்டார்.

மூன்று கணினிகள் நின்று திரும்ப எழும்பின. அதில் ஒன்று அக்காவுடையது. அவ தட்டச்சுச் செய்த கடிதம் முழுவதும் போய்விட்டது. கதவுச் சட்டத்துக்குள்ளால் பார்த்தேன். வெறுந்திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, முதலாவது எழுத்திலிருந்து திரும்பத் தொடங்கினா. நேரம் முடியும்போது கடிதம் பாதியில் நின்றது. வெளியே வந்து, “எனக்குச் சரிவராது ரீச்சர்,” என்றா. அம்மன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பெறுபேறு ஆவணியில் வவுனியா மச்சானின் கடை முகவரிக்கு வரும் என்றார்கள். ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது.

அதன் பிறகு வன்னியில் அரிசி இல்லை, மருந்து இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெய் விலை ஏற, எங்கள் மூன்று மணித்தியாலம் ஒன்றாகச் சுருங்கியது. சனம் முழுக்கப் பாதை திறக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தது. ஒரேயொருவருக்கு மட்டும் அது திறந்துவிடக் கூடாது என்று இருந்தது. கூட்டுறவுச் சங்கம் கூடி, சான்றிதழ் வழியில் நிற்பதால் அது வரும்வரை அக்கா தற்காலிகமாகத் தொடரலாம் என்று தீர்மானம் எடுத்திருந்தது.

“பாதை திறந்தா நான் துலைஞ்சன்,” என்று என் காதுக்குள் சொல்லுவா. சொல்லிவிட்டு, தன்னை நினைத்தே வெட்கப்பட்டு வாயைப் பொத்துவா. இரண்டு வருடம் அப்படியே வேலை பார்த்தா.

பிறகு சண்டை நெருங்கி வர, எல்லாரும் கிழக்கே நடந்தோம். கணினிகள் உழவு இயந்திரத்தில் விசுவமடுவரை வந்தன. அதற்கப்பால் அதன் இழுவைப் பெட்டியில் ஆட்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த மூன்றாவது சீடி புதுக்குடியிருப்புவரை என் கைப்பையில் இருந்தது; அதற்குப் பிறகு கைப்பையும் இல்லை. வழியில் ஒருநாள் முதலாளியைக் கண்டேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டை. என்னைக் கண்டதும் நிறுத்தி, “மூண்டாம் சேர்விஸும் வந்திட்டுதாம் பிள்ளை. கொழும்பிலை ஆரோ சொன்னவை,” என்றார். அப்போது சுற்றிவர செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த வவுனியா முகாமில் ஒருநாள் முட்கம்பிக்கு அப்பால் முதலாளியின் மச்சான் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு உறை. மூன்று வருடமாகக் கடையின் அலுமாரியில் கிடந்தவை. பத்துச் சான்றிதழ்கள், பத்துப் பேரும் பரீட்சையில் சித்தி. அவற்றை ஆள் தேடிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்தேன். ஆறு கொடுத்தேன். நாலு உறை இன்னும் என்னிடம் இருக்கின்றன. அதைப் பற்றி நக்கலாக எழுத எனக்கு வரவில்லை.

அக்காவைப் பதிவு வரிசையில்தான் கண்டுபிடித்தேன். இரண்டு பிள்ளைகளும் கூட நின்றார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தா. பாதிக் கடிதத்துக்கு எத்தனை புள்ளி போட்டார்களோ, திறமைச் சித்தி என்று இருந்தது. “இதை இனி ஆரிட்டை ரீச்சர் காட்டுறது, சங்கமே இல்லையே,” என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற இடம் இல்லை அது.

அவவின் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அடையாள அட்டை கேட்டார். இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம்? இல்லை. பிள்ளைகளுடையது? இல்லை. எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக் காத்து, கடைசியில் கடலேரித் தண்ணீரில் விட்டிருந்தா. அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் அதே கதை. எங்கள் கையில் பத்திரமாக இருந்தது எல்லாம் போயிருந்தது. வழியில் மறிக்கப்பட்டு நின்றது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அக்கா சான்றிதழை மேசையில் வைத்தா. முழுப் பெயர் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது, பரீட்சை அன்றைக்குக் கொடுத்த சின்னப் படமும் இருந்தது. அலுவலர் படத்தைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்கு முகத்தில் சதை இருந்தது.

“இது நீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றா அக்கா. “அது நான்தான்.”